ஐஸ்வர்யா ராய்க்கு நடிக்கத் தெரியுமா, இல்ல மூஞ்சிக்காக ஓடினாங்களா?

கேள்வி இதுதான்: "மாடலா இருந்து நடிகையானவங்க எத்தனையோ பேர் வந்த வேகத்துல போயிட்டாங்க, ஐஸ்வர்யா ராய் மட்டும் எப்படி 25 வருஷத்துக்கு மேல நின்னாங்க? அவங்களுக்கு நெஜமாவே நடிக்க வருமா, இல்ல அழகுக்காக மட்டும் கூப்பிட்டுட்டே இருந்தாங்களா?"

பொன்னியின் செல்வன் வந்ததுல இருந்து இத யாராச்சும் கேட்டுட்டேதான் இருக்காங்க, கீழ பாதி பேர் உலக அழகி உலக அழகின்னு ஹார்ட் போட்டுட்டுப் போறாங்க, மீதி பேர் பொம்மை மாதிரி நிக்கிறாங்கன்னு திட்டிட்டுப் போறாங்க. ரெண்டு கோஷ்டியும் ஒரே விஷயத்தத்தான் பாத்திருக்காங்க, பேர்தான் வேற வேற வெச்சிருக்காங்கன்னு எனக்குத் தோணும். கொஞ்சம் நீளமா சொல்றேன், பொறுமை இருந்தா படிங்க.

நான் 90கள் கடைசில சென்னைல ஒரு விளம்பரப் படக் கம்பெனில அசிஸ்டென்ட் டைரக்டரா இருந்தேன், அப்புறம் சில வருஷம் டப்பிங் தியேட்டர்ல டயலாக் பேப்பரும் கையுமா உக்காந்திருந்தேன். ஐஸ்வர்யா ராய நேர்ல பாத்ததுகூட இல்ல. ஆனா மாடல்னா என்ன வேலை, நடிகைன்னா என்ன வேலை, ரெண்டுக்கும் நடுவுல எந்த எடத்துல வழுக்கும்னு பக்கத்துல நின்னு பாத்திருக்கேன், அத வெச்சுத்தான் பேசுறேன்.

ஒரு நகைக்கடை விளம்பரம் ஞாபகம் இருக்கு. ஜிமிக்கி. பாம்பேல இருந்து வந்த பொண்ணு, 20 வயசு இருக்கும். அது செய்ய வேண்டியது இவ்ளோதான், கழுத்த வலது பக்கமா திருப்பி நிறுத்தணும், ஜிமிக்கி ஒரு ஆட்டம் ஆடி நிக்கும்போது கல்லுல லைட் அடிச்சு மின்னணும். கேமராமேன் விடல, முப்பது டேக்குக்கு மேல போச்சு. ஆச்சரியம் என்னன்னா அந்தப் பொண்ணு ஒவ்வொரு தடவையும் அதே வேகத்துல திருப்பி அதே எடத்துல நிறுத்துச்சு, ஒரு இஞ்ச் அந்தப் பக்கம் இந்தப் பக்கம் போகல. லைட் எங்க இருக்குன்னு கண்ண மூடிட்டே சொல்லும், கன்னத்துல சூடு தெரியுதாம். தண்ணி கேட்டா லிப்ஸ்டிக் போயிடும்னு ஸ்ட்ரா போட்டுத்தான் குடுப்பாங்க. கடைசில ஒரே ஒரு வரி பேசணும், தமிழ்ல. அந்தப் பொண்ணு வரிய இந்தில எழுதி வெச்சு அர மணி நேரமா மனப்பாடம் பண்ணிட்டு இருந்துச்சு, டைரக்டர் வந்து பாத்துட்டு "அதெல்லாம் வேணாம்மா, உதட்ட அசைச்சா போதும்"னு சொல்லிட்டுப் போயிட்டார். மறுநாள் டப்பிங் அக்கா ஒருத்தங்க வந்து இருபது நிமிஷத்துல பேசிட்டு காசு வாங்கிட்டுப் போனாங்க.

மாடலிங்னா இதுதான். உடம்பு முழுக்க உன் கன்ட்ரோல்ல இருக்கணும், குரல் மட்டும் யாருக்கும் தேவையில்ல. ஐஸ்வர்யா ராயோட மொத்த சினிமா வாழ்க்கையையும், அதுலயும் முக்கியமா தமிழ்ல அவங்க பண்ணத, இந்த ஒரு விஷயத்த மனசுல வெச்சுட்டுப் பாத்தா நெறைய புரியும்.

அவங்க 1973 நவம்பர் 1, மங்களூர்ல பொறந்தவங்க, பன்ட் சமூகம், வீட்ல துளு. எல்லாரும் பாம்பே பொண்ணுன்னே நினைக்கிறாங்க, வளந்தது அங்கதான், ஆனா தாய்மொழி நமக்கு தூரத்துச் சொந்தம். நல்லா படிச்ச பொண்ணு, ஆர்க்கிடெக்சர் சேந்து பாதில விட்டாங்க. 1991ல ஃபோர்டு நடத்துன சூப்பர்மாடல் போட்டில ஜெயிச்சாங்க. 1993ல வந்த பெப்சி விளம்பரம்தான் ஊர் முழுக்க கொண்டு போனது, பிரஹலாத் கக்கர் எடுத்தது. வெளிநாட்ல மைக்கேல் ஜே ஃபாக்ஸ் நடிச்ச ஒரு பெப்சி விளம்பரத்தத்தான் நம்ம ஊருக்கு மாத்தி எடுத்தாங்க. ஆமிர் கான் வீட்டுக் கதவ பக்கத்து வீட்டுப் பொண்ணு தட்டி பெப்சி கேக்கும், அது மஹிமா சவுத்ரி, அப்புறம் பர்தேஸ்ல ஹீரோயினா வந்தாங்களே அவங்கதான். ஆமிர் மழைல அல்லாடி ஒரு பாட்டில் கொண்டு வந்து குடுத்ததும் மறுபடி கதவு தட்டும், ஈரத் தலையோட இன்னொரு பொண்ணு உள்ள வந்து சஞ்சுன்னு பேர சொல்லி இன்னொரு பெப்சி இருக்கான்னு கேக்கும். அவ்ளோதான், சில செகண்ட். அந்த சில செகண்டுக்கு அப்புறம் முழு விளம்பரத்துலயும் பேசுன மஹிமாவ விட்டுட்டு கடைசில வந்த பொண்ணு யாருன்னு நாடே தேடுச்சு. மாடலா இது உச்சம். நடிகையா பாத்தா இதுல ஒண்ணுமே இல்ல, கதவத் தொறந்தா ஒரு முகம், அவ்ளோதான். இந்த "கதவத் தொறந்தா ஒரு முகம்"ங்கறத மட்டும் ஞாபகம் வெச்சுக்கோங்க, பின்னாடி வரும்.

அடுத்து 1994. மிஸ் இந்தியால சுஷ்மிதா சென்னும் இவங்களும் மார்க்ல சமமா வந்து, டை பிரேக்கர் கேள்வி வெச்சு சுஷ்மிதா ஜெயிச்சாங்க. சுஷ்மிதா மணிலால மிஸ் யுனிவர்ஸ் ஆனாங்க, நவம்பர்ல தென்னாப்பிரிக்காவுல சன் சிட்டில இவங்க மிஸ் வேர்ல்ட். ஒரே வருஷம் ரெண்டு பட்டமும் இந்தியாவுக்கு. 1991ல பொருளாதாரத்த தொறந்து விட்டாச்சு, சேட்டிலைட் சேனல் வந்தாச்சு, வெளிநாட்டு காஸ்மெடிக்ஸ் கம்பெனிங்க எல்லாம் உள்ள வர்ற நேரம், அதனாலதான் நம்ம பொண்ணுங்களுக்கு பட்டம் குடுத்தான்னு அப்பவே பேச்சு இருந்துச்சு, இப்பவும் இருக்கு. எனக்கு அதுல பாதி நம்பிக்கை உண்டு. ஆனா மார்க்கெட் ஒரு வாசல தொறந்து விடும், அதுக்கப்புறம் முப்பது வருஷம் யாரும் கைய புடிச்சு கூட்டிட்டுப் போக மாட்டாங்க.

இங்கதான் தமிழ் சினிமா வருது. உலக அழகிக்கு மொதல் படம் இந்தி இல்ல, தமிழ். இருவர், 1997 பொங்கலுக்கு வந்துச்சு. அது ஏன் தமிழ்ல நடந்துச்சுன்னு யாரும் யோசிக்கிறதில்ல, எனக்கு ஒரு காரணம் தெரியும். அந்த பத்து வருஷம் தமிழ் சினிமாவுக்குப் புது ரத்தம் வந்தது விளம்பரப் பட உலகத்துல இருந்துதான். ரஹ்மான் ரோஜாவுக்கு முன்னாடி ஜிங்கிள் போட்டுட்டு இருந்தவர், லியோ காப்பி விளம்பரம் ஞாபகம் இருக்கும். ராஜீவ் மேனன் விளம்பரம் எடுக்குறவர், பி.சி. ஸ்ரீராமும் விளம்பரம் பண்ணவர்தான். இவங்க எல்லாருக்கும் மாடல்னா என்ன, அவங்கள எப்படி லைட் பண்ணணும், எதக் கேக்கலாம் எதக் கேக்கக் கூடாதுன்னு தெரியும். பாம்பேல அப்போ அழகிப் பட்டம் வாங்குன பொண்ண சுவிஸ் மலைல ஓட விட்டுட்டு இருந்தாங்க. (பின்னாடி 2000ல உலக அழகியான பிரியங்கா சோப்ராவுக்கும் மொதல் படம் விஜய்யோட தமிழன். லாரா தத்தா அரசாட்சி, சுஷ்மிதா ரட்சகன். நம்ம ஊருக்கு வராத அழகி கம்மி.)

இருவர்ல மணிரத்னம் பண்ண வேலைய நான் பல தடவ போட்டுப் பாத்திருக்கேன். ரெண்டு வேஷம். புஷ்பவல்லி, மோகன்லால் நடிச்ச ஆனந்தனோட மொதல் மனைவி, கிராமத்துப் பொண்ணு, கல்யாணமாகி கொஞ்ச நாள்ல செத்துப் போறா. கல்பனா, பின்னாடி வர்ற சினிமா நடிகை, அதே முகம். கல்பனாவப் பாத்ததும் மோகன்லால் ஆடிப் போறார். இப்போ யோசிச்சுப் பாருங்க, அந்தக் காட்சில நடிக்கிறது யாரு? மோகன்லால். இந்தப் பொண்ணு செய்ய வேண்டியது அந்த முகத்தோட அங்க நிக்கிறது மட்டும்தான். கதவத் தொறந்தா ஒரு முகம்! பெப்சி விளம்பரத்துல இருந்த அதே ட்ரிக்க எடுத்து, அதுக்குள்ள ஒரு சாவையும் ஒரு மனுஷனோட குற்ற உணர்ச்சியையும் வெச்சுட்டார். புது நடிகைக்கிட்ட அவங்களால முடியாத எதையும் கேக்கல, அவங்களுக்கு ஏற்கனவே கை வந்தத எடுத்து கதைக்கு அச்சாணியாக்கிட்டார்.

அதுக்காக சும்மா நின்னாங்கன்னு சொல்லல. புஷ்பா தலைய குனிஞ்சே பாப்பா, பேச்சுல ஒரு தயக்கம், உடம்ப ஒடுக்கி வெச்சிருப்பா. கல்பனா முகவாய தூக்கிட்டு நிப்பா, எதிர்ல யாரு இருந்தாலும் கண்ண எடுக்க மாட்டா, அவன் விலக விலக இவ கிட்ட போவா. "ஹலோ மிஸ்டர் எதிர்க்கட்சி" பாட்டப் பாருங்க, அந்தக் கழுத்துத் திமிர் புஷ்பாகிட்ட ஒரு ஃப்ரேம்ல கூட இருக்காது. ரெண்டு பொண்ணையும் பிரிச்சுக் காட்டுனது முழுக்க உடம்ப வெச்சுத்தான். ஏன்னா குரல் அவங்களோடது இல்ல. ரெண்டுக்கும் பேசுனது ரோகிணி. நடிகை ரோகிணியேதான். ஒரே ஆள் ஒரே முகத்துக்கு ரெண்டு விதமா பேசணும், அந்த வேலைய டப்பிங் தியேட்டர்ல உக்காந்து பாத்தவனுக்குத்தான் தெரியும் எவ்ளோ கஷ்டம்னு. இருவர் ஐஸ்வர்யாவ புகழும்போது பாதிப் புகழ் ரோகிணிக்குப் போகணும், போனதில்ல. படமும் ஓடல, பிரகாஷ்ராஜுக்கும் சந்தோஷ் சிவனுக்கும் தேசிய விருது வந்துச்சு, அதோட சரி. இப்போதான் எல்லாரும் கல்ட்டுன்னு தலைல தூக்கி வெச்சுக்கிறாங்க.

அதே வருஷம் இந்தில மொதல் படம், பாபி தியோலோட, சுத்தமா ஓடல. அழகு மட்டும் போதும்னா அது ஓடியிருக்கணும்ல? அடுத்த வருஷம் ஜீன்ஸ். ஷங்கர் வேற மாதிரி ஆளு, அவருக்கு உலக அழகின்னா உலக அதிசயம் ஏழோட சேத்து எட்டாவதா நிறுத்தி பாட்டே எடுத்துட்டார், "பூவுக்குள் ஒளிந்திருக்கும்". நான் காலேஜ் முடிச்ச சமயம், தியேட்டர்ல விசில் பறந்துச்சு. நடிப்புன்னு பாத்தா எனக்கு அதுல ஒண்ணும் ஒட்டல. இல்லாத தங்கச்சிய இருக்குற மாதிரி ஏமாத்துற கேரக்டர், மதுமிதா ஒரு தினுசு வைஷ்ணவி ஒரு தினுசுன்னு காட்டணும், ஆனா இருவர்ல ரெண்டு பொண்ணு தெரிஞ்ச எடத்துல இங்க ரெண்டு டிரெஸ்தான் தெரிஞ்சுச்சு. துறுதுறுன்னு சிரிச்சுப் பேசுற காமெடி அவங்களுக்கு எப்பவுமே கொஞ்சம் ஒட்டாது, இது என் அபிப்பிராயம், சண்டைக்கு வராதீங்க. மாடலுக்கு பழக்கமே அசையாம இருக்குறது, காமெடிக்கு உடம்ப அவுத்து விடணும், சிம்ரனுக்கு வரும் அது.

1999ல ரெண்டு படம் அவங்கள நடிகைன்னு ஒத்துக்க வெச்சுச்சு. ஹம் தில் தே சுகே சனம், தால். ரெண்டுலயும் டான்ஸ் இருக்கு, அது முக்கியம். சின்ன வயசுல சில வருஷம் கிளாசிக்கல் டான்ஸ் கத்துக்கிட்டவங்க, அந்தப் பயிற்சிய மாடலிங் பயன்படுத்தவே இல்ல, ஹம் தில் தே சுகே சனம் எடுத்த பன்சாலிதான் தோண்டி எடுத்தார். ஆடும்போது அந்த இறுக்கம் எல்லாம் போயிடும். ஹம் தில் தே சுகே சனம்ல பாதிக்கு மேல அவங்க அழுதுட்டும் கோச்சுக்கிட்டும் பேசாம இத்தாலில நடந்துட்டும்தான் இருப்பாங்க, பக்கத்துல அஜய் தேவ்கன் அதவிட கம்மியா பேசுவார், அந்த ரெண்டு பேரோட மௌனம்தான் படத்தோட ரெண்டாவது பாதி. ஃபிலிம்பேர்ல சிறந்த நடிகை விருது வந்துச்சு. அந்தக் கேரக்டர் பேரு நந்தினி! 23 வருஷம் கழிச்சு இன்னொரு நந்தினி வரப் போறான்னு அப்போ யாருக்குத் தெரியும்.

2000ல கண்டுகொண்டேன் கண்டுகொண்டேன். தமிழ்ல அவங்க பண்ணதுல பொதுமக்களுக்கு ரொம்பப் புடிச்சது இதாத்தான் இருக்கும். பாரதியார் பைத்தியம் புடிச்ச மீனாட்சி, கனவுலயே வாழ்ற தங்கச்சி, பக்கத்துல நெலத்துல கால் ஊணி நிக்கிற அக்காவா தபு. இங்கயும் ராஜீவ் மேனனோட விளம்பர மூளை தெரியும், தபுவ வெச்சு வீட்டையும் பணக் கஷ்டத்தையும் காட்டுவார், ஐஸ்வர்யாவ வெச்சு மழை, கோயில் மண்டபம், புடவைத் தலைப்பு, இதெல்லாம். ஆனா அப்பாஸ் ஏமாத்திட்டுப் போனதுக்கு அப்புறம் அந்தப் பொண்ணு மூஞ்சில ஒரு காலித்தனம் வரும் பாருங்க, அது வரைக்கும் அழகா இருந்த அதே மூஞ்சிதான், உள்ள லைட் ஆஃப் பண்ண மாதிரி இருக்கும். மம்மூட்டி எதிர்ல நிக்கும்போது அவர் கண்ணப் பாக்க முடியாம பாப்பாங்க. நல்ல நடிப்பு அது.

தேவதாஸ் பத்தி எல்லாரும் எழுதிட்டாங்க, வேகமா போயிடறேன். 2002, கான் விழா, மறுபடி ஃபிலிம்பேர் விருது, மாதுரியோட "டோலா ரே". அடுத்த வருஷமே கான் விழால ஜூரில உக்காந்தாங்க, இந்திய நடிகைகள்ல அவங்கதான் மொதல் ஆள். அப்புறம் வருஷா வருஷம் அந்த சிவப்புக் கம்பளம், லோரியால் விளம்பரம், கவுன் நல்லாருக்கா நல்லால்லயான்னு ஊரே பட்டிமன்றம். அங்க மட்டும் அவங்க இன்னும் மாடல்தான், அதுவும் ஒரு தொழில், தப்பில்ல.

எனக்குப் பேசணும்னு ஆசையா இருக்குறது ரிதுபர்ணோ கோஷ் எடுத்த ரெண்டு படம். தேவதாஸ்ல கிலோ கணக்குல நகை மாட்டி நின்னவங்கள, அடுத்த வருஷமே சோக்கேர் பாலில வெள்ளைச் சேலை கட்டுன விதவையா உக்கார வெச்சார், தாகூர் நாவல், பினோதினி. பெங்காலில அவங்களுக்கு குரல் குடுத்தது ஸ்ரீலா மஜும்தார். மறுபடி பாருங்க, இன்னொரு மொழி, இன்னொருத்தர் குரல். அதுக்கடுத்து 2004ல ரெயின்கோட், அது இந்தி, சொந்தக் குரல். இத நெறைய பேர் பாக்கல, பாக்காதவங்கதான் அதிகமா நடிக்கத் தெரியாதுன்னு எழுதுறாங்க.

ரெயின்கோட்ல கதைன்னு பெருசா ஒண்ணுமில்ல. வேலை போன ஒருத்தன், அஜய் தேவ்கன், ஃப்ரெண்டுங்ககிட்ட கை நீட்டிக் காசு வாங்குறதுக்காக கல்கத்தா வர்றான், அப்படியே பழைய காதலிய பாத்துட்டுப் போலாம்னு அவ வீட்டுக்குப் போறான். வெளிய மழை விடாம பேயுது. கதவு தொறக்குது. இந்தத் தடவ கதவத் தொறந்தா வர்ற முகத்த யாரும் பாத்து மயங்க முடியாது. கசங்குன சேலை, கலைஞ்ச தலை, எண்ணெய் வழியுற முகம், பின்னாடி இருட்டு. ஜன்னல் ஒண்ணக்கூட தொறக்க விட மாட்டேங்குறா. வீடு பூரா சாமான் அடைஞ்சு கெடக்கு, மூச்சு முட்டுது. உக்காந்து பெருமை அடிக்கிறா, புருஷன் பெரிய ஆளு, வேலைக்காரங்க வெளிய போயிருக்காங்க, அப்படி இப்படின்னு. இவனும் பதிலுக்கு பிசினஸ் பண்றேன்னு புளுகுறான். ரெண்டு பேரும் பொய் சொல்றாங்கன்னு நமக்குத் தெரியும், அவங்களுக்கும் மெதுவா தெரியும். முடிவ சொல்ல மாட்டேன்.

அதுல அவங்க பேசுற விதத்த கவனிங்க. வார்த்தை அவசர அவசரமா வரும், நடுவுல நின்னுடும், அடுத்த பொய்ய யோசிக்க ஒரு நொடி எடுக்கும், உடனே சம்பந்தமே இல்லாம ஒரு சிரிப்பு. டப்பிங்ல இதக் கொண்டு வர முடியாது. பொய் சொல்றதுக்கு முன்னாடி இழுக்குற மூச்சு இருக்கே, அது சொந்த தொண்டைல இருந்துதான் வரணும். நாங்க டப்பிங்ல "ப்ரெத் போடுங்க"ன்னு சொல்லி வாங்குவோம், வாங்கலாம், ஆனா அது பின்னாடி ஒட்ட வெச்ச மூச்சு.

இங்கிலீஷ் படங்கள் வந்துச்சு, ப்ரைட் அண்ட் ப்ரெஜுடிஸ், ப்ரோவோக்ட், பிங்க் பேந்தர் 2ன்னு. ப்ரோவோக்ட் தவிர எனக்கு எதுவும் மனசுல நிக்கல, அது புருஷன எரிச்சுட்டு ஜெயிலுக்குப் போன பஞ்சாபிப் பொண்ணு கிரண்ஜித் அலுவாலியாவோட உண்மைக் கதை, அதுலயும் இங்கிலீஷ் சரியா வராத பொண்ணா வாய மூடிட்டு இருக்குற எடங்கள்தான் பலம். ஜோதா அக்பர்ல பழைய மாடல் வேலை அழகா கைகுடுத்துச்சு, கழுத்து கை காது நெத்தின்னு அந்த நகைய எல்லாம் மாட்டிக்கிட்டு அதுல ஒண்ணும் உறுத்தாத மாதிரி நடந்து வாள் சுத்தணும்னா எல்லாராலயும் முடியாது, நான் ஒரு ஜிமிக்கிக்கே பட்ட பாட்ட மேல சொன்னேன்ல.

2010ல தமிழுக்குத் திரும்ப ரெண்டு படம். எந்திரன் உங்களுக்கே தெரியும், சனா, குரல் சவிதா, படம் ரஜினியோடதும் ரோபோவோடதும், மத்தவங்க எல்லாம் விருந்தாளிதான். ராவணன்தான் விஷயம். ஒரே நேரத்துல இந்திலயும் தமிழ்லயும் எடுத்தாங்க, தமிழ்ல வீரா விக்ரம், போலீஸ் பிரித்விராஜ், இந்தில வில்லன் எடத்துல அபிஷேக், போலீஸ் எடத்துல விக்ரம். ரெண்டுலயும் மாறாத ஆள் ஐஸ்வர்யா, ராகிணி. ஒரே சீன இந்தில ஒரு தடவ தமிழ்ல ஒரு தடவ, அதே அருவி, அதே சேறு, எதிர்ல வேற ஆளு. இந்தில அவங்களே பேசுனாங்க, தமிழ்ல மறுபடி ரோகிணி. முடிஞ்சா ரெண்டையும் பக்கத்துப் பக்கத்துல போட்டுப் பாருங்க, சினிமா படிக்கிற பசங்களுக்கு நான் சொல்ற ஹோம்வொர்க்கே அது. தமிழ்ல எதிர்ல விக்ரம் எரியுறார், அதனால இவங்க கண்ணுல பயமும் மொறைப்பும் நல்லா வந்திருக்கும். ஆனா கத்துற எடத்துல இந்திதான் உண்மையா இருக்கும், குரல் உடையுறது அவங்களோடது. தமிழ் ராகிணிய பாதி ஐஸ்வர்யா பாதி ரோகிணி ரெண்டு பேரும் சேந்து நடிச்ச கேரக்டர்னு வெச்சுக்கலாம். நம்ம சினிமால பெரிய ஹீரோயின்கள் பாதிப் பேர் இப்படி ரெண்டு பேர் சேந்து செஞ்சவங்கதான், போஸ்டர்ல ஒருத்தர்தான் இருப்பாங்க.

"அப்போ தமிழ் கத்துக்கிட்டு அவங்களே பேசியிருக்கலாம்ல"ன்னு கேப்பீங்க. பேசியிருக்கலாம். ஆனா ஒரு பக்கம் மட்டும் குத்தம் சொல்ல முடியாது. என் அனுபவத்துல பேசுறேன்னு முன்வந்த பொண்ணுங்களையே வேணாம்னு அனுப்பியிருக்கோம், நேரம் இல்ல, ரிலீஸ் தேதி வந்துடுச்சு, "ழ" வரல, அடுத்த படத்துல பாத்துக்கலாம். அந்த அடுத்த படம் வராது. நம்ம ஊருக்கு வெள்ளையா ஒரு முகம் வேணும், சுத்தமா ஒரு தமிழ் வேணும், ரெண்டும் ஒரே ஆள்கிட்ட இருக்கணும்னு நம்ம ஆளுங்க தேடுனதே கெடையாது. தமிழ் சுத்தமா பேசுற பொண்ணு மைக் பின்னாடி நிக்கிறா, அவளுக்கு நடிக்கவும் வரும், சில சமயம் முன்னாடி நிக்கிறவங்கள விட நல்லாவே வரும். அது வேற சண்டை, வேற நாள் போட்டுக்கலாம்.

2011ல கொழந்த, நாலு வருஷம் இடைவெளி, ஜஸ்பாவுல திரும்பி வந்தாங்க, சர்ப்ஜித்ல தம்பிக்காக அலையுற அக்கா, சத்தமா அழுத எடமெல்லாம் எனக்கு செட் ஆகல, முன்னாடி சொன்ன அதே காரணம். அப்புறம் மணிரத்னம் மறுபடி. 2022 செப்டம்பர்ல பொன்னியின் செல்வன் மொதல் பாகம், அடுத்த ஏப்ரல்ல ரெண்டாவது.

நந்தினிக்கு இவங்கதான் சரின்னு படம் வர்றதுக்கு முன்னாடியே ஊர் முடிவு பண்ணிடுச்சு, ஏன்னா நாவல்லயே நந்தினிய நாம பாக்குறது மத்தவங்க கண்ணு வழியாத்தான், யாரு பாத்தாலும் நெலைகுலைஞ்சு போவாங்க. அதாவது கதவத் தொறந்தா ஒரு முகம். தஞ்சாவூர் அரண்மனைல குந்தவையும் நந்தினியும் நேருக்கு நேர் வர்ற சீன் ஞாபகம் இருக்கா? குந்தவையா வந்த த்ரிஷா 1999ல மிஸ் சென்னை, இவங்க 1994ல மிஸ் வேர்ல்ட். ரெண்டு பேருக்கும் பார்வைய எவ்ளோ நேரம் நிறுத்தணும், எப்போ சிரிப்ப பாதில வெட்டணும்னு உடம்புலயே ஊறியிருக்கு. என் பக்கத்து சீட்டுல ஒரு அம்மா, "ரெண்டு பேரும் ஒண்ணுமே பண்ணலையேடா, ஏன்டா எனக்கு படபடங்குது"ன்னு மகன்கிட்ட கேட்டாங்க. குரல் தீபா வெங்கட். நல்லா பேசியிருந்தாங்க, மெதுவா, விஷத்த தேன்ல கொழச்ச மாதிரி, இருந்தாலும் ரெண்டாவது பாகத்துல ஆதித்த கரிகாலன் கூட அந்தக் கடைசி சீன்ல வசனத்த விட்டுட்டு வசனத்துக்கு நடுவுல இருக்குற எடத்தப் பாருங்க. விக்ரம் பேசப் பேச இவங்க மூஞ்சில கோவம் கரைஞ்சு என்ன பண்றதுன்னு தெரியாத ஒரு சின்னப் பொண்ணு வந்துட்டுப் போவா.

இதுல இன்னொரு வேஷமும் இருக்கு, இருவர் மாதிரியே ரெட்டை வேஷம். ஊமை ராணி மந்தாகினி. மொதல் பாகத்தோட கடைசில கப்பல் உடைஞ்சு அருள்மொழி கடலுக்குள்ள போயிடுவான், படம் முடிஞ்சுச்சுன்னு நாங்க எந்திரிக்கப் பாத்தோம், தண்ணிக்குள்ள நரைச்ச தலையோட ஒரு கிழவி நீந்தி வர்றா, முகம் திரும்புது. நந்தினியோட முகம், சுருக்கத்தோட, மேக்கப் மினுமினுப்பு எதுவும் இல்லாம. தியேட்டரே ஒரு நொடி அமைதியாகி அப்புறம்தான் கத்துச்சு. ரெண்டாவது பாகத்துல அந்தம்மாவுக்கு ஒரு வார்த்தை வசனம் கெடையாது. கூர்ந்து பாக்குறா, ஓடுறா, சுந்தர சோழர காப்பாத்தப் போய் செத்துப் போறா. சுந்தர சோழர் யாரு, இருவர்ல தமிழ்ச்செல்வனா வந்த அதே பிரகாஷ்ராஜ்.

டப்பிங் வேலை பாத்த பழக்கத்துல படம் பாக்கும்போது யாரு குரல்னு காது தானா தேடும். அந்த சீன்ல தேடித் தேடிப் பாத்தேன், ஒண்ணுமில்ல. 26 வருஷத்துல தமிழ்ல அவங்க யாரோட குரலும் இல்லாம முழுசா தனியா செஞ்ச வேஷம் எனக்குத் தெரிஞ்சு அது ஒண்ணுதான். கேள்வி கேட்டவர் நேரம் இருந்தா ரெயின்கோட்டயும் இந்த ஊமை ராணி வர்ற சீன்களையும் அடுத்தடுத்து பாத்துட்டு வாங்க, அப்புறம் கமெண்ட்ல சண்டை போடலாம்.